லூக்கா எழுதாத தேவதூதர்கள்

சிப்ரோசா அமோலோ கானோ சமவெளியிலிருந்து எங்கள் ஏரிக்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் பக்கத்தில் மருமகளைப் பிறந்த ஊரின் பெயரால்தான் கூப்பிடுவோம். அதனால் அவள் எல்லோருக்கும் கானோக்காரி. நெல் விளையும் ஊர்க்காரி என்பதால் வந்த புதிதில் மீன் கழுவவே தெரியாது. வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவளைப் பார்த்துக் கரையே சிரித்தது. ஆனால் எங்களில் யாரிடமும் இல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. வேதத்தைத் தடுமாறாமல் வாசிப்பாள். வாசித்ததை, பக்கத்து வீட்டில் நேற்று நடந்த சண்டையைப் போலச் சொல்வாள்.

அவள் புருஷன் ஓவிட்டி நல்ல மனுஷன். சொந்தப் படகு வைத்திருந்தான். ஒரு மழைக்காலத்தில், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே அது கவிழ்ந்தது. பல நாள் கழித்து ஆகாயத்தாமரைக்குள் சிக்கிக் கிடந்த உடலைக் கண்டெடுத்தார்கள். உடைந்த படகை அவன் தம்பிமார் எடுத்துச் சரிசெய்துகொண்டார்கள். அண்ணன் விதவையை வழக்கப்படி சேர்த்துக்கொள்ள அவர்களில் ஒருவன் வந்து நின்றான்.

"எனக்குப் புருஷன் ஒருத்தர்தான். அவர் ஏரியில போயிட்டார்" என்று சொல்லி அவள் கதவைச் சாத்தினாள். அதோடு அந்த வீட்டாரின் பேச்சுவார்த்தை நின்றது. அறுவடைக்கு வந்துகொண்டிருந்த மக்காச்சோள மூட்டையும் நின்றது. அவளிடம் மிஞ்சியது அக்கேயோ என்ற மகளும், வெகுகாலம் கழித்துப் பிறந்த மகாக் என்ற பொடியனும்தான்.

மூக்கைப் பொத்தியவள் மீன்காரியானாள். எங்கள் கரையில் ஓமேனா என்கிற பொடிமீன்தான் பெண்களின் பிழைப்பு. விடியும் நேரம் படகுகள் வரும். பேசின் என்கிற அகலப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்க வேண்டும். வாங்கிய மீனைப் பழைய வலையில் பரப்பிக் காயவைத்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் கையில் பணம் இருந்தால் மட்டும் மீன் கிடைக்காது. படகில் தன் ஆள் என்று ஒருவன் இருக்க வேண்டும். அவன் எவளைக் கைகாட்டுகிறானோ அவளுக்குத்தான் மீன். பதிலுக்கு அவள் அவனுக்கு என்ன தர வேண்டும் என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் உரக்கச் சொல்வதில்லை.

கானோக்காரிக்கு அந்தக் கஷ்டம் முதலில் வரவில்லை. ஓவிட்டியோடு வலை இழுத்த ஒகுத்து கிழவர், "தம்பி பெண்டாட்டி, இங்க வாம்மா" என்று கூப்பிட்டு, பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பேசினை நிரப்பி விடுவார். அந்த மீனில்தான் அக்கேயோவைப் பள்ளி முடிக்க வைத்து, டவுனுக்கு டீச்சர் பயிற்சிக்கும் அனுப்பினாள்.

புதன்கிழமை மதியம், காய்ந்த மீனை மூட்டை கட்டிய பிறகு, பெண்களெல்லாம் தகரக் கோயிலில் கூடுவோம். பாஸ்டர் மாதம் ஒருமுறை மோட்டார்சைக்கிளில் வருவார். மற்ற வாரமெல்லாம் பாடம் கானோக்காரியுடையது. டீக்கடையைச் சாத்திவிட்டு நானும் போய் உட்காருவேன்.

சோதனைக்காரன் வரும் பக்கங்களை அவள் தேடித் தேடி எடுப்பாள். "பாம்பு ஏவாகிட்ட முழுப் பொய் சொல்லல. பாதி நிஜம் சொல்லுச்சு. பாதி நிஜத்துலதான் கால் வழுக்கும்" என்பாள். ஏசா ஒரு சட்டி பயற்றங்கூழுக்கு மூத்த மகனுக்குரிய பாத்தியத்தை விற்றதைச் சொல்லும்போது, "அவன் சாகிற நிலைமையில இல்ல. சாகப்போறேன்னு அவனே சொல்லிக்கிட்டான். பசி எப்பவும் சாவைத்தான் சாட்சிக்குக் கூப்பிடும்" என்பாள். கேட்டுக்கொண்டிருக்கிற எங்களுக்கு அந்தக் கூழின் மணமே வந்துவிடும்.

பென்ட்டா என்றொருத்தி. அவளுக்கு ஒன்றல்ல, இரண்டு படகில் ஆள் உண்டு. வாய்க்குப் பூட்டுக் கிடையாது. யோசேப்பு எஜமானின் மனைவியிடமிருந்து தப்பி ஓடிய பாடம் நடந்த அன்று அவள் எழுந்து நின்றாள்.

"கானோக்காரி, அவன் வஸ்திரத்தை விட்டுட்டு ஓடினான், சரி. அவனுக்கு வீட்டுல மாத்துத்துணி இருந்திருக்கும். எங்கிட்ட இருக்கிறதே இது ஒண்ணு."

கோயிலே குலுங்கிச் சிரித்தது. கானோக்காரியும் சிரித்தாள்.

"ஓடினவன் நேரா ஜெயிலுக்குத்தான் போனான் பென்ட்டா. நான் அதை மறைக்கலையே."

"அப்ப ஓடாதவளுக்கு மீனு, ஓடினவனுக்கு ஜெயிலு. இதுதான் பாடமா?"

"ஜெயில்ல கர்த்தர் அவன்கூட இருந்தார்னு எழுதியிருக்கு. அந்தம்மா மெத்தையில இருந்தார்னு எழுதல."

"ஐயோ, வாயாடி!" என்று பென்ட்டா உட்கார்ந்துவிட்டாள். பாடம் முடிந்து எல்லோரும் போன பிறகும் அவள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. கானோக்காரி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்போதெல்லாம் அவளுக்குப் பேசுவது சுலபமாக இருந்தது. அவள் பேசினில் மீன் இருந்தது.

ஒகுத்து கிழவருக்கு முதுகு போனது. மகன்கள் வந்து நகரத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அவர் இடத்துக்கு அக்கரையிலிருந்து ஒசேவே என்பவன் இயந்திரம் வைத்த புதுப் படகோடு வந்தான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. குடிக்க மாட்டான். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. என் கடைக்கு வந்தால் பெஞ்சில் இருக்கிற கிழவர்களுக்கும் சேர்த்து டீ சொல்வான்.

முதல்நாள் விடியலில் கானோக்காரி பணத்தை நீட்டியபோது அவன் அதைத் தொடவில்லை.

"உள்ள வைங்க டீச்சரம்மா. பணம் எல்லார்கிட்டயும்தான் இருக்கு."

"வேற என்னப்பா கேக்குற?"

"நான் எதையும் கேக்கலையே. யாரையும் இழுத்துக்கிட்டுப் போறவன் நானில்ல. நீங்களா வந்தா வாங்க. இல்லைன்னா ஏரி பெருசாத்தான் கிடக்கு."

அவள் வெறும் பேசினோடு என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். "பார்த்தியா தங்கச்சி? கொம்பு வச்சுக்கிட்டு வருவான்னு நினைச்சேன். மரியாதையா வர்றான். டீச்சரம்மாங்கிறான்" என்றாள். நான் கொடுத்த டீயைக் குடிக்காமல் ஆறவிட்டாள்.

மற்றப் படகுகளுக்கும் போய் நின்றாள். ஒவ்வொரு படகுக்கும் ஏற்கெனவே பெண்கள் இருந்தார்கள். அந்த வருஷம் ஏரியில் மீனும் குறைந்துபோனது; இருக்கிற பெண்களுக்கே பற்றாதபோது இவளுக்கு யார் தருவார்கள்? கொஞ்ச காலம் ஊர்த் துணி துவைத்துக் கொடுத்தாள். பிறகு ஊருக்குப் பின்னால் குன்றடியில் பெண்கள் கல் உடைத்து ஜல்லி விற்கிற இடத்துக்குப் போய்ச் சுத்தியலைப் பிடித்தாள்.

பென்ட்டா ஒருநாள் அங்கே அவளைப் பார்க்கப் போனாள். நானும் கூடப் போனேன்.

"ஏய் கானோக்காரி! பிசாசு ஆண்டவர்கிட்ட சொன்ன வேலையை நீயில்ல செஞ்சுக்கிட்டு இருக்க! கல்லை அப்பமாக்குற!"

"ஒரு லாரி கல்லுக்கு ஒரு சட்டி களி. பிசாசுக்கே இந்த வியாபாரம் கட்டுப்படியாகாதுடி" என்று அவள் சுத்தியலை ஓங்கியபடியே சொன்னாள்.

பென்ட்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். வறுத்த மீன். மகாக் கல் குவியலிலிருந்து இறங்கி வந்தான். அவன் தலைமுடி அப்போது பட்டினியில் செம்பட்டை பாய்ந்து, வயிறு முன்னால் தள்ளியிருந்தது.

"எடுத்துக்கிட்டுப் போ பென்ட்டா. இது எந்த வழியா வந்த மீனுன்னு எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும். அவன் வயித்துக்குத் தெரியாது."

"எடுத்துக்கிட்டுப் போ."

பையன் பொட்டலத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அழவில்லை. பென்ட்டா பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வேகமாக இறங்கிப் போனாள். எனக்கு அன்று கானோக்காரியைப் பிடிக்கவில்லை. அவள் சொன்னது சரிதான் என்றும் தோன்றியது. இரண்டும் சேர்ந்தே தோன்றியது.

அதற்குப் பிறகு அதிக நாள் ஆகவில்லை. உடைத்த கல்லிலிருந்து ஒரு சில்லுத் தெறித்து அவள் இடது கண்ணில் பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் சில்லை எடுத்தார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

செய்தி கேட்டு அக்கேயோ டவுனிலிருந்து வந்தாள். அப்பாவைப் போல அதிகம் பேசாத பெண். இருபதைத் தாண்டியிருந்தாள்; இன்னும் சில மாதத்தில் டீச்சராக வேண்டியவள். வீட்டுக்குள் வந்து சட்டியைத் திறந்து பார்த்தாள். தம்பியின் கையைத் தூக்கிப் பார்த்தாள். கொண்டுவந்த பையைப் பிரிக்காமல் மூலையில் வைத்துவிட்டு, பேசினைச் சாம்பல் போட்டுத் துலக்கினாள். மறுநாள் கரைக்குப் போனாள். பேசின் நிறைய மீனோடு திரும்பினாள்.

கட்டுப்போட்ட கண்ணோடு பாயில் கிடந்த கானோக்காரிக்கு எண்ணெயில் மீன் பொரிகிற சத்தம் கேட்டிருக்கிறது. அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததை அவளே என்னிடம் சொன்னாள்.

"யாரு படகு?"

"ஒசேவே."

"பணத்துக்கா குடுத்தான்?"

அக்கேயோ தம்பிக்குக் களியைப் பிட்டு வைத்தாள்.

"உன்னைத்தான் கேக்குறேன். பணத்துக்கா?"

"சாப்பிடும்மா."

"மனுஷன் அப்பத்தால மட்டும் பிழைக்கிறதில்லைன்னு ஆண்டவரே சொல்லி—"

"ஆண்டவரு வனாந்தரத்துக்குத் தனியாத்தானே போனாரு? நீ எங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டியேம்மா."

அக்கேயோ கோபமாகச் சொல்லவில்லையாம். களியைப் பிட்டுக்கொண்டே, தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாளாம். கானோக்காரி அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. அப்புறம் ஒருநாள் சாப்பிட்டாள். "உப்புச் சரியா இருந்துச்சு" என்றாள் என்னிடம்.

கட்டு அவிழ்த்த பிறகு ஒருநாள் மதியம் அவள் கரைக்கு வந்தாள். ஒசேவே என் கடைக்கு எதிரே மர நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தான். சந்தைக்குப் போகிறவள்போல நல்ல சேலைத்துணியாகப் பார்த்து இடுப்பில் சுற்றி, தலைத்துணியும் கட்டியிருந்தாள். அவன் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, அன்னிக்குக் கேட்டியே. வந்திருக்கேன். அவளை விட்டுரு."

ஒசேவே ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். "நான் எதையும் கேக்கலையேம்மா."

"கேக்காமக் கேட்டே. இப்ப நான் வாய்விட்டுக் கேக்குறேன். என்னை எடுத்துக்க. அவ போயிப் படிக்கட்டும்."

"உட்காருங்க டீச்சரம்மா. வெயில்ல நிக்காதீங்க." அவன் தன் பலகையை அவள் பக்கம் தள்ளினான். அவள் உட்காரவில்லை. "அக்கேயோ அவளா வந்தா. நான் இழுக்கல."

"தெரியும். நீ யாரையும் இழுக்க மாட்டே."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, நிஜமாகவே உதவி செய்கிற முகத்தோடு சொன்னான்: "உங்களுக்குத் தனியா ஒரு பேசின் மீன் எடுத்து வைக்கச் சொல்றேன். பணம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மாமியாருக்குக் குடுக்கிற மாதிரி நினைச்சுக்கிறேன்."

கானோக்காரியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, வேறென்னவா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை காலம் விழாமல் நின்றவள், விழுந்துவிடலாம் என்று முடிவெடுத்து வந்த நாளில் விழுவதற்கும் இடமில்லாமல் போயிற்று. வந்த வழியே, இல்லாத கண்ணின் பக்கம் கிடந்த வலைகளில் கால் தடுக்கித் தடுக்கி, நடந்து போனாள்.

அந்தப் புதன்கிழமை அவள் பாடத்துக்கு வர மாட்டாள் என்று நினைத்தோம். வந்தாள். வேதத்தை முகத்துக்கு வெகு அருகில் பிடித்துக்கொண்டு, இயேசு வனாந்தரத்தில் சோதிக்கப்பட்ட பகுதியை வாசித்தாள். இதற்கு முன்பு எத்தனையோ தடவை அவளிடம் கேட்ட பாடம்தான். நாற்பது நாள் பசி, கல், உலகத்து ராஜ்யங்கள், கோபுரம். பிசாசு கொஞ்சக் காலத்துக்கு அவரை விட்டுப் போனான் என்ற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டாள்.

பென்ட்டா கேட்டாள்: "தேவதூதருங்க எங்க? கடைசியில வந்து அவருக்குப் பணிவிடை செய்வாங்களே. நீ எப்பவும் அங்கதானே முடிப்பே?"

"அது மத்தேயு. இது லூக்கா. லூக்கா அதை எழுதல."

"ஏன் எழுதல?"

"தெரியலடி. லூக்கா எல்லாத்தையும் விசாரிச்சு எழுதினவர். அவர்கிட்ட யாரும் சொல்லலையோ என்னவோ." மூடிய புத்தகத்தை மடியில் வைத்தாள். "கொஞ்சக் காலத்துக்குப் போனான்னு மட்டும் எழுதியிருக்கார். போனவன் எங்க போனான்னு நான் யோசிச்சதே இல்ல. நான் வாசலைக் காத்துக்கிட்டு நின்னேன். அவன் பின்பக்கமாப் பிள்ளைகிட்டப் போயிருக்கான்."

பிறகு அவள் புத்தகத்தை மறுபடி திறந்து இன்னொரு பக்கத்தைப் புரட்டினாள். பேதுருவைக் கோதுமையைப் போலப் புடைத்துப் பார்க்கச் சாத்தான் அனுமதி கேட்கிற இடம். "நான் நெல்லு ஊர்க்காரி. புடைக்கிறப்ப உமி மட்டுமா பறக்கும்? நொய்யும் கீழே விழும். நொய்யும் அரிசிதான். யாரும் குனிஞ்சு பொறுக்க மாட்டாங்க." அதுதான் அவள் எங்களுக்கு நடத்திய கடைசிப் பாடம்.

பாஸ்டர் ஒஜ்வாங் அந்த மாதம் வந்தபோது யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். அவர் கல் நெஞ்சுக்காரர் இல்லை. அவள் வீட்டில் பல தடவை சாப்பிட்டவர். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினார்.

"மகள் இப்படியிருக்கிறப்ப நீங்க பாடம் நடத்தினா, எனக்கு மேல இருக்கிறவங்க என்னைக் கேப்பாங்க. அதோட, தேவதூதருங்க வரலைன்னு சொன்னீங்களாமே?"

"வரலைன்னு சொல்லல ஐயா. லூக்கா எழுதலைன்னு சொன்னேன்."

"மத்தேயு எழுதியிருக்காரே அம்மா."

"மத்தேயு எழுதினதைத்தான் இத்தனை வருஷம் சொன்னேன். எந்தப் படகுல வருவாங்கன்னு விடிய விடியத் தண்ணியில நின்னும் பார்த்தேன்."

கோயில் சாவியை அவள் தானாகவே நீட்டினாள். புதன்கிழமை பாடத்துக்கு வேறு ஊரிலிருந்து ஒரு அம்மாவை அனுப்பினார்கள். அவள் சாபங்களை மட்டும் வாசித்தாள். பென்ட்டா முதலில் போவதை நிறுத்தினாள். பிறகு ஒவ்வொருவராக நாங்களும் நிறுத்தினோம்.

மீன் வேறு பக்கம் போனதும் ஒசேவேயின் படகும் ஏரி நடுவில் இருக்கிற தீவுக்குப் போனது. அக்கேயோவும் போனாள். தம்பியை முத்தமிட்டாள், பையைத் தூக்கிக்கொண்டாள். அம்மாவிடம் போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். எப்போதாவது படகுக்காரர்கள் மூலம் காய்ந்த மீன் பொட்டலம் வரும். மகாக்கின் தலைமுடி மறுபடி கறுத்தது. அது ஒன்றுதான் நல்ல செய்தி. அதற்காகச் சந்தோஷப்படவும் கானோக்காரிக்குப் பயமாக இருந்தது.

பொட்டலம் வருவது நின்றபோது அவள் தீவுக்குப் போக வேண்டும் என்றாள். ஒற்றைக் கண்ணோடு படகில் ஏறி இறங்க முடியாது என்று நானும் கூடப் போனேன்.

தீவில் தகரக் குடிசைகள் ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து நின்றன. அக்கேயோ மணலில் வலை விரித்து மீன் பரப்பிக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தியிருந்தது. ஒசேவேக்கு இப்போது இன்னொரு கரையில் வேறொருத்தி என்று படகிலேயே சொன்னார்கள். எந்தப் படகிலிருந்து மீன் வாங்குகிறாய் என்று நாங்கள் கேட்கவில்லை.

"அம்மா. புத்தகத்தைக் கொண்டு வரலையே?"

"கொண்டு வரல."

"நல்லது. உட்காரு. டீ போடுறேன்."

குடிசைக்குள் தலைமாட்டில் மாத்திரைக் குப்பி ஒன்று இருந்தது; படகில் ஆள் வைத்திருந்த பெண்கள் பலரின் வீட்டில் நான் பார்த்த அதே குப்பி. கானோக்காரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடாமச் சாப்பிடுறியா?"

"இருக்கிறப்ப சாப்பிடுறேன். எதுக்குன்னு கேக்காதே."

"கேக்கல."

டீ குடித்தபின் கானோக்காரி துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் இறங்கினாள். மகளோடு சேர்ந்து மீனைக் கிளறிப் புரட்டினாள். கானோக்காரியின் கை அவ்வளவு லாவகமாக ஓடியது. பக்கத்துப் பெண்கள்கூட நின்று பார்த்தார்கள். அக்கேயோ முகத்தில் ஒரு தடவை சிரிப்பு வந்த மாதிரி இருந்தது.

ஏரியின் மேல்பக்கம் கறுத்தது. காற்று மாறியதும் பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நாங்கள் மூவரும் வலையின் முனைகளைப் பிடித்து மடக்கினோம். பாதியை உள்ளே இழுப்பதற்குள் மழை கொட்டிவிட்டது. நனைந்த ஓமேனாவை மனுஷர் யாரும் வாங்க மாட்டார்கள். அரை நாளில் நாறிவிடும். அக்கேயோ ஈர மணலில் அப்படியே உட்கார்ந்து இருமினாள். வெகுநேரம் இருமினாள்.

"வீட்டுக்கு வாடி" என்றாள் கானோக்காரி.

"வந்து?"

கானோக்காரி வாயைத் திறந்தாள். வேதத்திலிருந்து ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். பழக்கதோஷத்தில் உதடு அசைந்தது; சத்தம் வரவில்லை. மகளின் தலையில் ஒட்டியிருந்த மீன் செதிலை விரலால் எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மழை விட்டதும் கடைசிப் படகு கிளம்பியது. ஏறி உட்கார்ந்த பிறகு நான் திரும்பிப் பார்த்தேன். கோழித்தீவனத்துக்கு மீன் வாங்குகிறவன் சாக்கோடு வந்திருந்தான். அக்கேயோ குனிந்து ஈர மீனை அள்ளி அள்ளி அவன் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் அவள் திரும்பவில்லை.